மிச்சமிருந்த விண்ணப்பம்

"மெதுவாப் பேசுங்க. அத்தை காதுல விழுந்துடப் போகுது!" லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அம்மா பால்கனியில துணி காயப்போடுறாங்க" என்றான் அவன். "தொழில் தெரிஞ்சவங்க புது மாவட்டத்துக்குக் குடிபோனா அரசாங்கமே வீடும் தருது, கையில பணமும் தருது. விண்ணப்பத்தை அனுப்பிட்டேன். தப்பாயிட்டா மாத்தி எழுதலாம்னு ரெண்டு தாள் வாங்கினேன். ஒண்ணு மேஜையிலேயே மிச்சம்."

"கூட வர்றவங்கள்ல அத்தை பேரை எழுதலையே?"

"நீயும் பிள்ளைங்களும் மட்டும்தான்."

"பாவம், தனியா எப்படி இருப்பாங்க?"

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா ஓடினவங்க. சமாளிச்சுப்பாங்க."

மறுமாதம் இரண்டு அரசாங்கக் கடிதங்கள் வந்தன. மெக்கானிக் ஒன்றைப் பிரித்தான். முகம் தொங்கிப்போனது. அந்த மாவட்டம் முழுக்க ஒரே ஒரு லிஃப்ட்தானாம். அதற்கும் ஆள் இருக்கிறானாம்.

இன்னொன்றை அவன் அம்மா வாங்கிக்கொண்டாள்.

"இது எனக்குடா. மேஜையில கிடந்த தாளை நான்தான் நிரப்பி அனுப்பினேன். அங்கே நர்ஸ் கிடைக்கிறதே இல்லையாம். ரிட்டயர் ஆனவங்களும் வரலாமாம். வீட்டுச் சாவியோட காத்திருக்காங்க."

மருமகளின் முகம் மலர்ந்தது. "அப்ப நாம எல்லாரும் எப்போ கிளம்பறோம், அத்தை?"

"கூட வர்றவங்கன்னு யார் பேரையும் நான் எழுதலையேம்மா."

"அப்ப சமையல்? பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புறது?"

"பாவம், தனியா எப்படி இருப்பீங்கன்னு நானும் யோசிச்சேன்" என்றாள் அம்மா, பெட்டியை இறக்கியபடி. "சமாளிச்சுப்பீங்க."