கிடாக்கொம்பு ஹேண்டில்

ராயபுரம் சைக்கிள் கடை வாசலில் அமீருதீன் தன் புது சைக்கிளை உற்றுப் பார்க்கிறான். மலிவுமில்லாமல் மேல்விலையுமில்லாமல், தினமும் திருவொற்றியூர் பட்டறைக்குப் போகவும் விடியற்காலையில் பந்தயத்துக்குப் பழகவும் தோதாக, நாலைந்து கடை ஏறி இறங்கி அவன் தேர்ந்தெடுத்த வண்டி. கிடாக்கொம்பு போலக் கீழே வளைந்த அந்த ஹேண்டிலுக்காகவே எடுத்தது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடைக்கார லோகநாதன் அதைத் தலைகீழாகத் திருப்பி முடுக்கிவிட்டார். கொம்புகள் இப்போது வானத்தைப் பார்க்கின்றன. பின்னால் கேட்காத கேரியர் வேறு வெயிலில் பளபளக்கிறது. "கம்பெனியில தல கீயா மாட்டி அனுப்பிட்டானுங்க பாய், சரி பண்ணிட்டேன்" என்று மணியை ஆசையோடு ஒரு தட்டு தட்டுகிறார்.

"அய்யோ நைனா, அது அப்டிதான் இர்க்கணும்! குனிஞ்சி மிதிச்சாதான் கடல்காத்துல வேகம் வரும்!" அமீருதீன் கொம்பைப் பிடித்து முறுக்குகிறான், அசைய மறுக்கிறது. உப்புக்காற்று புகுந்து சட்டை உப்புகிறது. லோகநாதன் ஸ்பேனரைத் தேடவில்லை. அவனுடைய கூன் விழுந்த முதுகையே பார்க்கிறார்.

"பட்டறையில நாளெல்லாம் குனிஞ்சிகினுதானே கீறே. வண்டியிலயாவது நிமுந்து குந்து பாய்."