பள்ளுருத்தி ரசிகர்

"இந்திய சங்கீத சரித்திரத்தை இனிமே எங்க கேசட்டுக்கு முன்னாடி, பின்னாடின்னுதான் பிரிப்பா" என்று 1984-இல் மட்டாஞ்சேரி சாயாக்கடையில் வெங்கிட்டு அறிவித்தான்.

எங்கள் ராக் குழுவில் அவன் கிட்டார், நான் டிரம்ஸ். ஸ்டுடியோவில் அவன் கிட்டார் கம்பியில் சைக்கிள் செயினை உரசி வாசித்திருந்தான்.

"கேக்கறவாளுக்கு என்ன வேணும்னு விசாரிச்சு வாசிக்கறவன் கல்யாண பேண்டுக்காரன்டா. நாம யாரையும் விசாரிக்க மாட்டோம்."

எங்களையும் யாரும் விசாரிக்கவில்லை. யூதத் தெருக் கடையில் எங்கள் கேசட் மேல் தூசி படிந்தது. என் அம்மாவே முதல் பாட்டின் பாதியில் எழுந்து போனாள்.

அப்போதுதான் தகவல் வந்தது. பள்ளுருத்தியில் ஒச்சப்பன் என்பவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் கேசட்டையே போடுகிறாராம். வெங்கிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினான்.

ஒச்சப்பனின் முற்றம் முழுக்க இறால் காய்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் வெங்கிட்டுவின் கிட்டார் அலறியது.

"வாங்க தம்பி! என்னா வாசிப்பு! எத்தனையோ கேசட்டு போட்டுப் பாத்துட்டேன். உங்களுதுக்குத்தான் ஒரு காக்காகூட கிட்ட வரல."

நான் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே காலியாக இருந்தது.

"இந்தப் பூனைங்கதான் அசைய மாட்டேங்குதுக" என்று வருத்தப்பட்டார் ஒச்சப்பன்.

வெங்கிட்டு என் காதில் விழாதபடி அவர் பக்கம் குனிந்து கேட்டான்.

விழுந்துவிட்டது.

"பூனைக்கு எந்த மாதிரி சத்தம் வேணும், சேட்டா?"