நீல மூடிப் பம்பு

நீல மூடி போட்ட பம்பு புஷ்பவள்ளியின் முதுகில் இருந்தது.

குணாளன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். சந்தேகமே இல்லை. மற்ற பம்புகளுக்கெல்லாம் கறுப்பு மூடி. இது ஒன்றுக்கு மட்டும் அடையாளத்துக்காக அவனே மூடியை மாற்றியிருந்தான்.

அப்படியென்றால் அவன் பெண்டாட்டி மோகனாவின் முதுகில் இருப்பது?



கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் அவன்தான். புல்லைக் கொல்லும் மருந்தைக் கலந்து பம்புகளில் ஊற்றிக் கொடுப்பதும் அவன்தான். சில வாரங்களாக நீல மூடிப் பம்பில் மட்டும் வெறும் தண்ணீரை ஊற்றி, அதைத் தன் பெண்டாட்டியிடம் கொடுத்துவருகிறான். அவளுடைய மர நிரையில் புல் சாகாமல் நிற்பதை மேனேஜர் பார்த்தால் வேலைக்கு உலைதான். அது அப்புறம்.

மாசமாக இருப்பவள் மருந்தடிக்கக் கூடாது. ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் உதிரிப் பழம் பொறுக்க மாற்றிவிடுவார்கள். ஆனால் மாற்றிய அன்றைக்கே லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துபோகும். பம்பு தூக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று பழம் பொறுக்க வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்?

போன தடவை சந்தோஷம் தாங்காமல் எல்லாரிடமும் சொன்னார்கள். வாழ்த்துச் சொன்ன அதே வாய்கள் துக்கம் கேட்கவும் வந்தன. கண்ணு பட்டுருச்சு, கண்ணு பட்டுருச்சு என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனதில் மோகனா பல நாள் வாசலுக்கே வரவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கிளினிக்குக்குக்கூடத் தெரிந்த முகம் இல்லாத இடமாகப் பார்த்து லோபாக்கிற்குப் போனார்கள்.

அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோறு கொதிக்கும் வாடை ஆகாது. காப்பி வாடை ஆகவே ஆகாது. வாந்தி எடுக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுவாள். முதல் மாதங்கள் அப்படித்தான் இருக்கும் என்று தாதி சொல்லியிருந்தாள்.

இன்று காலைதான் ஒரு கோப்பைக் காப்பியை முழுசாகக் குடித்தாள். அப்பாடா, மசக்கை விட்டது என்று விசிலடித்துக்கொண்டே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனான் குணாளன்.

இப்போது நிரைக்குள் ஓடினான். வெட்டிப் போட்ட மட்டைகள் காலை இடறின. கன்றுகளைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, அவளை எட்டிப் பிடித்தான்.

மோகனா முகமூடியோடு நின்று ஒரு மரத்தைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தாள். மருந்து வாடை மூக்கில் ஏறியது.

"கழட்டு அதை! பம்பு மாறிப்போச்சு லா!"

பட்டையைப் பிடுங்கப் போன கையை அவள் தடுத்தாள்.

"மாறல. நான்தான் குடுத்தேன். வள்ளிக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. லோரியில வாயப் பொத்திக்கிட்டே வந்தா. இன்னும் யாருக்கும் சொல்லலயாம்."

குணாளனுக்குக் கோபம் பொங்கியது. ஊரான் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை விஷத்தில் நிறுத்துகிற ஒருத்தி உண்டா? அதுவும் ஒன்றைப் பறிகொடுத்தவள்? அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா என்றுகூட இருந்தது.

மோகனா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். உதடு வெளுத்திருந்தது.

"நாளைக்கும் அதுல தண்ணியே ஊத்துங்க," என்றாள். "எனக்கு வேணாம். நேத்தே போயிருச்சுங்க. நீங்க மாங்கா வாங்க லுக்குட்டுக்குப் போயிருந்தப்ப."

பக்கத்து நிரையில் பெண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கி வந்தது.

அவள் அவசரமாக முகமூடியை ஏற்றினாள்.

"அழாதீங்க. ஏன்னு கேப்பாங்க."