கட்டைவிரல் மேடு

“அவனுக்கு வணக்கம் சொல்லாதே. திருடனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?” என்று அப்பா மகளின் காதைக் கடித்தார்.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறையில், மேசைக்கு எதிர்ப்பக்கம் தாய்மாமா உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து நேரே வந்தவர் போலிருக்கிறது, நகக்கண்ணில் கிரீஸ். தோளில் தூக்கிச் சுமந்த மாமாவை எதிர்த்து வாதாட வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தபடி அவள் மனுக்கட்டைப் பிரித்தாள். புருஷன் பக்கமா தம்பி பக்கமா என்று தெரியாமல் அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

மேசை நடுவில் இரண்டு மூடி திறப்பான்கள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தவை. மூட்டுவலிக்காரர்கள்கூட எந்த பாட்டிலையும் ஒரே கையால் திறந்துவிடலாம். ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று மாமா கொடுத்தது. ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் கிடையாது.

“இந்தத் திறப்பானோட பேரை உங்க மச்சான் பதிவு பண்ணியிருக்கார். அதில தகராறு இல்லையே?” என்று மாமாவைக் கேட்டார் விசாரணை அதிகாரி அம்மாள்.

“பேர் டிரேட் மார்க்தானே மேடம், அதை அவரே வெச்சுக்கட்டும். அது வேலை செய்யற விதம் இருக்கே, அதுக்குத்தான் அவர் பேட்டன்ட் கேக்கறார். அது என்னோடது.”

“முதல்ல மனு போட்டது எங்கப்பா,” என்று மகள் குறுக்கே வந்தாள்.

“போட்டது அவர்தாம்மா. யோசிச்சது நான்.”

இரண்டு பேரிடமும் சாட்சி இல்லை. ஊருக்குக் காட்டிவிட்டால் அப்புறம் பேட்டன்ட் கிடைக்காது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். வீட்டு ஆள்தானே என்று நம்பி மாதிரியைக் காட்டினேன், அமுக்கிவிட்டான் என்பது அப்பாவின் புகார். மாமாவும் அதே கதையைத்தான் சொன்னார், ஆள் மட்டும் மாறியிருந்தது. இன்று தோற்பவருக்கு அதைச் செய்யும் உரிமை போய்விடும். திருடன் என்ற பட்டம் மிஞ்சும்.

அவளிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. திறப்பானின் கைப்பிடியில் மிளகளவுக்கு ஒரு மேடு. ‘கட்டைவிரல் வழுக்காமல் தடுக்கும் மேடு’ என்று அப்பா அதை மனுவிலேயே தன் புது யோசனையாகச் சொல்லியிருந்தார். அவள் திறப்பானை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் அந்த மேட்டுக்கு எட்டவில்லை. தன் கை சின்னது என்று விட்டுவிட்டாள்.

“மாமா...” என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வக்கீலாகக் கேட்டாள். “நீங்க கொடுத்ததிலயும் இந்த மேடு இருக்கு. இது எதுக்கு? யோசிச்சவருக்குத் தெரியாம இருக்காதே.”

மாமா அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது.

“வேண்டாம் பாப்பா. அந்தக் கேள்வியை விட்டுடு.”

மாட்டிக்கொண்டார் என்று அவளுக்குப் பட்டது. பாவமாகவும் இருந்தது, ஆனால் இந்த நேரத்தில் பாவம் பார்த்தால் அப்பா கதை கந்தலாகிவிடும்.

“பதில் சொல்லுங்க.”

மாமா திறப்பானை அவள் பக்கமே தள்ளிவைத்தார். அதற்குமேல் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்தே நின்றுவிட்டார்.

“நான் சொல்றேன் மேடம். திருகும்போது கட்டைவிரல் வழுக்கும். அதுக்காக ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டு, எத்தனையோ மாதிரி செஞ்சு பார்த்து, கடைசியில அந்த இடத்தில அந்த மேட்டை வெச்சேன். தற்செயலா வந்தது இல்ல அது.”

அதிகாரி அம்மாள் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டார். மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்று அதிகாரி அம்மாள் மாமா பக்கம் திரும்பினார்.

மாமா தயங்கினார். மூடியிருந்த கதவை, அதற்கு அந்தப்பக்கம் இருந்த அக்காவை நினைத்தவர் போல ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“என் கை தவறி அச்சு கீழ விழுந்து, உள்ளே பள்ளமாயிடுச்சு மச்சான். அந்தப் பள்ளம்தான் இந்த மேடு.”