சடைச் சோதனை

"இன்னிக்கு அந்தப் பொம்பளைய உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

அய்சோல்தான் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மகள் லாச்சினோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் தெஜென் ஊரில் கிடையாது.

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குப் பச்சை அங்கி, பூவேலைத் தொப்பி, இரட்டைச் சடை. முடி குட்டையாக இருந்தால் பஜாரில் சவுரிச் சடை வாங்கித் தொப்பிக்குள் தைத்துக்கொள்வார்கள். ஊரறிந்த சங்கதிதான், யாரும் கண்டுகொண்டதில்லை.

புதிதாக வந்த தலைமையாசிரியர் சப்பார் கண்டுகொண்டார். "சவுரி ஏமாத்து வேலை. யார் தலையில அகப்பட்டாலும் நவ்ரூஸ் வசந்த விழா நடனத்துல அவளுக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று தினமும் சடைகளை இழுத்துப் பார்ப்பது துணைத் தலைமையாசிரியை பிபிகுல்லின் பொறுப்பு. அவள் ஒழுங்காக இழுக்கிறாளா என்று மாடி ஜன்னலில் தேநீர்க் கிண்ணத்தோடு நின்று பார்ப்பது சப்பாரின் பொறுப்பு.

"நெசமாவே ஓங்கி இழுக்கிறாங்களாடி?" என்று வழியில் மறுபடி கேட்டாள் அய்சோல்தான்.

"கண்ணுல தண்ணியே வந்துடுதும்மா. மத்தவங்களை எல்லாம் சும்மா தொட்டுட்டு விட்டுடறாங்க. அதுலயும் அந்த ஷெக்கேரை, பூவைத் தொடற மாதிரி!"

"ஏன் தொட மாட்டாங்க? அவ அப்பன் முலாம்பழத் தோட்டம் வச்சிருக்கான்ல? டீச்சர் வீட்டுல வண்டியோட போய் இறங்கியிருக்கும்."

லாச்சினின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. எல்லாம் சொந்த முடி. குளிர்காலத்தில்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தாள், அதற்குள் நடனத்திலும் இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பொறாமையில்தான் டீச்சர் இழுக்கிறாள் என்பது அம்மாவின் தீர்மானம்.

வாசலில் நடனப் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீச்சர்! எம்பொண்ணு தலையில என்ன, கிணத்துக் கயிறா தொங்குது? ஏன் இந்த இழுப்பு இழுக்கறீங்க?"

பிபிகுல் நிதானமாகத் திரும்பினாள். "பள்ளிக்கூட விதி, அக்கா. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா? அப்போ இதோ நிக்கிறாளே ஷெக்கேர், இவளை இழுங்க பாப்போம்! எம்பொண்ணை இழுக்கிற அதே இழுப்பு!"

பிபிகுல்லின் முகம் வெளுத்துவிட்டது. ஷெக்கேர்தான் நடனத்தில் முன்னால் நின்று ஆடுகிறவள். அவள் இல்லையென்றால் விழாவில் அந்த நடனமே இல்லை.

"அக்கா, மெதுவாப் பேசுங்க. உள்ள போய்ப் பேசிக்கலாம், வாங்க."

"ஏன் மெதுவாப் பேசணும்? முலாம்பழம் தொண்டையில சிக்கிக்கிச்சா?"

சத்தம் கேட்டு சப்பாரே கிண்ணத்தோடு கீழே வந்துவிட்டார்.

"அந்தம்மா சொல்றது நியாயம்தானே? இழுங்க டீச்சர், நான் பாக்கறேன். சவுரி வச்சு ஏமாத்தற தலை ஒண்ணுகூட இந்த வாசலுக்குள்ள இருக்கக் கூடாது."

அய்சோல்தானின் கை சட்டென்று தன் தலைத்துணிக்குப் போனது. துணிக்குள் அவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருந்த கொண்டை பஜாரில் வாங்கியது.

காற்றே இல்லாத காலை. ஆனால் வரிசையில் இருந்த பெண்கள் இரண்டு கைகளாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிபிகுல் ஒரு கையால் ஷெக்கேரின் தொப்பியை அழுத்திப் பிடித்தாள். மறு கையால் சடையைப் பற்றி இழுத்தாள்.

"ஐயோ! அம்மா! செத்தேன்!" ஷெக்கேர் போட்ட கூச்சலில் சப்பாரின் தேநீர் தளும்பிக் கால்சட்டையில் கொட்டியது.

"போதும் போதும், சொந்த முடிதான்! எல்லாரும் வகுப்புக்குப் போங்க" என்று துடைத்துக்கொண்டே படியேறினார்.

அவர் பாதிப் படி ஏறுவதற்குள், ஷெக்கேரின் தொப்பிக்குள்ளிருந்து ஒரு சடை மெல்லக் கழன்று தோளில் சரிந்தது. தொப்பிக்கு அடியில் பையன் கிராப்பு எட்டிப் பார்த்தது.

ஷெக்கேர் அப்படியே நின்றுவிட்டாள். இப்போது கண்ணில் வந்தது நிஜக் கண்ணீர்.

அய்சோல்தான் வாயைத் திறந்தாள். ஒரு கூப்பாடு போதும், சப்பார் திரும்பிப் பார்த்துவிடுவார். ஆனால் அந்தச் சடையின் நுனிமுடிச்சு அவளுக்கு நன்றாகத் தெரிந்த முடிச்சு. அவள் வாங்கிய அதே கடை. வாயை மூடிக்கொண்டு, சடையை எடுத்துத் தொப்பிக்குள் அவளே சொருகிவிட்டாள்.

"யாருடி உனக்கு இப்படிக் கத்திரி வச்சது?" என்று கிசுகிசுத்தாள்.

"நானேதான், அத்தை. துருக்கி சீரியல்ல அந்தக் கதாநாயகி வெட்டிக்கிட்டா. நல்லா இருந்துச்சு."

அய்சோல்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டென்று நினைவு வந்து, பிபிகுல் பக்கம் திரும்பினாள்.

"ஏன் டீச்சர், இவளைக் காப்பாத்தணும்னு நினைக்கிற நல்ல மனசு உங்களுக்கு. எம்பொண்ணு என்ன பாவம் பண்ணினா? அவளை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?"

பிபிகுல் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் மேலேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு, அக்கா. யாரையாவது ஓங்கி இழுத்துத்தானே ஆகணும்? அந்த சீரியலை எல்லா வீட்டுலயும்தான் பாக்கறாங்க. இந்த வரிசையில, இழுத்தா என் கையோட வராத சடை உங்க பொண்ணோடது ஒண்ணுதான்!"