பந்தல் கம்பி

"உள்ள இருக்கிற காயில் சுருள் வெந்துபோச்சுண்ணே. இனி இது பழைய இரும்புக்குத்தான் ஆகும்."

லைன்மேன் பால்பாண்டி டிரான்ஸ்பார்மரைக் காட்டிச் சொன்னதும் சுந்தரலிங்கம், நாகஜோதி, அம்மாவாசி மூன்று பேருடைய முகமும் செத்துப்போனது. உத்தமபாளையம் பக்கத்தில் இருந்த அவர்களுடைய திராட்சைத் தோட்டங்களுக்கு அது ஒன்றுதான் கதி. காலையிலிருந்து ஒரு மோட்டாரும் ஓடவில்லை. கருகல் நாற்றம் வேறு மூக்கைத் துளைத்தது.

நாகஜோதியின் தோட்டத்தில் இப்போதுதான் காய் சதைபிடிக்கிறது. இந்த வாரம் தண்ணீர் நின்றால் குலையெல்லாம் சூம்பிப்போகும். அப்புறம் வியாபாரி வரப்பில்கூட வந்து நிற்கமாட்டான்.

பால்பாண்டி பைக்குள் கைவிட்டு, டிரான்ஸ்பார்மரிலிருந்து கழற்றியிருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தான். ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், மூன்றிலும் கொடியைத் தாங்குகிற தடித்த பந்தல் கம்பி.

"லோடு கூடினா இந்தக் கம்பி உருகி அந்து, டிரான்ஸ்பார்மரக் காப்பாத்தணும். நீங்க போட்டிருக்கிற கம்பியில யானையக் கட்டலாம்."

எந்தப் பயல் செய்தாலும் கையை முறிக்கவேண்டும் என்று சுந்தரலிங்கம் குதித்தார். தான் அந்தப் பக்கமே போனதில்லை என்று அம்மாவாசி சாமிமேல் சத்தியம் செய்தான். செருப்பைக் கழற்றாமலே செய்தான்.

போட்டது யார் என்று தெரியாவிட்டால் விசாரணை வரும், ஃபைல் தேனிக்குப் போய்த் திரும்ப இருபது நாளாகும் என்றான் பால்பாண்டி.

"போட்டவுகளே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே கரண்டு வரும். நான் பொறுப்பு."

நாகஜோதி ஒருமுறை தன் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு நான் போட்டது தம்பி. மூணு மோட்டாரும் ஒண்ணா ஓடினா ஃபியூஸ் போயிருது. ஒன்னயக் கூப்பிட்டு, நீ வந்து சேர்றதுக்குள்ள எங்கொடி வாடிப்போகுது. எழுதிக்க."

சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார். அவள் போட்டதைப் பார்த்துத்தான் இன்னொன்றைத் தான் போட்டதாக முனகினார். முறிக்கவேண்டிய கை இரண்டும் வேட்டி மடிப்புக்குள் போய்விட்டன.

மிச்சம் ஒரு கட்டை. எல்லாரும் அம்மாவாசியைப் பார்த்தார்கள்.

"சுந்தரலிங்கம் மாமா ஒத்தையாப் போட்டிருந்தாக. நிக்குமோ நிக்காதோன்னு, நான் ரெட்டையா முறுக்கிப் போட்டேன்" என்றான், கொஞ்சம் பெருமையாகவே. இப்போது செருப்பைக் கழற்றினான்.

இனிப் பந்தல் கம்பியை ஃபியூஸில் போடமாட்டோம், முறைவைத்து மோட்டார் ஓட்டுவோம், முதல் முறை நாகஜோதிக்கு என்று பால்பாண்டி சொல்லச்சொல்ல எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"சரி தம்பி, புது டிரான்ஸ்பார்மர் லாரி எப்ப வருது?" என்றாள் நாகஜோதி.

பால்பாண்டி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கட்டைகளில் சரியான ஃபியூஸ் கம்பியைக் கட்டி, இருந்த இடத்திலேயே செருகினான். கம்பத்துக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த சைக்கிள் டயர்த் துண்டை வாய்க்காலுக்குள் எத்திவிட்டான்.

"லாரி எதுக்கு மதினி, இது நல்லாத்தான இருக்கு" என்றபடி, காலையில் தானே இறக்கிவைத்த சுவிட்சைப் போட்டுவிட்டான்.