நூற்றுக்கு எழுபத்திரண்டு

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வருவதற்குள் ஸ்டெஃபி தாளை எடுத்து, கட்டைவிரலை அந்த வரியின் மேல் வைத்துவிட்டாள்.

திசையன்விளை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கம்ப்யூட்டர் கடை. நீட் மதிப்பெண் தாள் பிரிண்டரின் சூடு ஆறாமல் இருந்தது.

கடைக்காரர் சிராஜுதீன் ஒரு நிமிஷம் முன்புதான் பேனா முனையால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார். "இது நீ வாங்குன மார்க்கு. மேல இருக்கது, ஒனக்குப் பொறத்தால நிக்க ஆளுக. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடாதம்மா."

வாங்கியது எழுநூற்று இருபதுக்கு இருநூற்று முப்பத்தாறு. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் முப்பத்து மூன்றுகூட வராது.

மேலே இருந்த எண் எழுபத்திரண்டு. பரீட்சை எழுதிய ஒவ்வொரு நூறு பேரிலும் எழுபத்திரண்டு பேர் அவளுக்குப் பின்னால். பார்வைக்கு மார்க் மாதிரியே இருக்கும், அவ்வளவுதான்.

டாக்டர் சீட்டு கிடைக்காது என்பது அவளுக்குப் பாளையங்கோட்டையில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்றைக்கே தெரியும். இயற்பியலில் பாதிக் கேள்விகளைத் தொடாமலே விட்டிருந்தாள். எங்கே விட்டோம் என்பதும் தெரியும். இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் பிடித்துவிடலாம்.

அந்த ஒரு வருஷம் எதிர்ச்சாரி டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

பெரியப்பா வில்சன். மீன்பிடி வள்ளம் அவருடையது. அப்பா பவுல்ராஜ் தம்பிதான் என்றாலும், அதில் வேலைக்குப் போகிறவர். அதனால் அவள் வீட்டில் எதுவானாலும் கடைசிப் பேச்சு பெரியப்பாவுடையது. ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தப் பேச்சையும் பேசிவிட்டார்.

"சீட்டு கெடைக்குதோ இல்லியோ, நூத்துக்கு அறுவது வாங்குனா இன்னொரு வருசம் படிக்கட்டும்லே. இல்லன்னா எறா கம்பெனி வேன்ல ஏறட்டும். எம்மவ கிரேஸி ஏறலியா?"

கிரேஸி ஏறினவள்தான். விடியுமுன் போகிறாள். இறால் உரித்து, ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துத் தோலுரிந்த விரல்களோடு இருட்டிய பிறகு வருகிறாள். சோற்றைப் பிசைய ஸ்பூன் கேட்கிறாள்.

"எவ்வளவு மக்கா?" என்றார் அப்பா.

"எழுபத்திரண்டுப்பா."

மார்க்கை மறைத்த விரலை அசைக்காமல் மேல் எண்ணைக் காட்டினாள். சிராஜுதீன் பக்கம் பார்க்கவில்லை.

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அடுத்து நின்றவரிடம் ஆதார் அட்டையை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்தார்.

மனசுக்குள் அவருக்கு ஒரு நன்றி சொன்னாள்.

உவரி அந்தோணியாருக்கு இரண்டு. முதலாவது, அந்த எண் அறுபதைத் தாண்டி வந்ததற்கு. இரண்டாவது, அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாததற்கு. இதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

அப்பா குனிந்து தாளைப் பார்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடலில் ஜிபிஎஸ் பார்க்கிற மாதிரி. வள்ளத்தில் அந்தக் கருவி எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். பெரியப்பாவுக்கு அது ஒத்துவராது.

பிறகு தாளுக்குக் கை நீட்டினார். அவள் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ரோட்டைத் தாண்டி நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

பெரியப்பா உளுந்தவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "கொண்டாலே, பாப்போம்."

அப்பா கொடுக்கவில்லை.

"ஒங்க கையில எண்ணெயா இருக்குண்ணே. நா பிடிச்சிக்கிடுதேன், நீங்க பாருங்க."

தாளை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பெரியப்பா கழுத்தை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, மறுபடி நீட்டினார்.

"எங்கனலே?"

"மேல. இந்தா."

"எழுபத்திரண்டு." பெரியப்பா வடையை மென்று முடித்தார். "நா கேட்டது அறுவது. பன்னெண்டு கூடல்லா வாங்கிருக்கா. ஒன்ன மாரி மரமண்டைக்கு எப்படிலே?"

"அவ அம்மய மாரிண்ணே."

"அதாஞ் சங்கதி." அவர் சிரித்துவிட்டார். "சரி, படிக்கட்டும். கிரேஸிட்ட மட்டும் நீயே சொல்லு. எனக்கு அவகிட்ட ஏச்சு வாங்க ஏலாது."

டீக்கடைக்காரர் இன்னும் இரண்டு டீக்குப் பால் ஊற்றினார். ஸ்டெஃபிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்போதுதான் அப்பாவின் கையைப் பார்த்தாள்.

அவள் மறைத்திருந்தது ஒரே ஒரு வரி, மார்க் வரி. அதற்குக் கீழேதான் இந்தியா முழுக்க அவள் எத்தனையாவது இடம் என்று ஆறு இலக்கத்தில் அச்சாகியிருந்தது. அதையும் மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைக்குள் அது திறந்தே கிடந்திருக்கிறது.

கயிறு இழுத்து இழுத்துத் தடித்துப்போன அப்பாவின் கட்டைவிரல் இரண்டு வரிகளையும் மூடியிருந்தது.

அந்தோணியாருக்குச் சொன்ன இரண்டாவது நன்றியை ஸ்டெஃபி திரும்ப வாங்கிக்கொண்டாள்.